மற்றும் பலரில் நான் இல்லை

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் பேசலாம்.

நொச்சிக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவர் வீட்டில் பிறந்தேன். படகில் ஏற்றினால் வாந்தி எடுக்கிற பிள்ளை எதற்கும் உதவாது என்று பெற்றவரே என்னைக் கரையில் இறக்கிவிட்டார். அந்தக் கரையிலிருந்து எழுந்தவன் நான். வாடகை ரிக்‌ஷா மிதித்தேன். ரிக்‌ஷாவை ஆட்டோ ஆக்கினேன். ஓர் ஆட்டோவைத் தெரு நீளத்துக்கு வரிசையாக நிற்கிற ஆட்டோக்களாக ஆக்கினேன். மந்தைவெளியில் இன்றைக்கு எங்கள் ஸ்டேண்டு இருக்கிற இடம் அன்றைக்குக் குப்பைமேடு. அதைக் கூட்டிப் பெருக்கி, சண்டை போட்டு, லத்தி அடி வாங்கி, கடைசியில் பேர்ப்பலகை நட்டது நான். ராஜா அண்ணாமலைபுரத்தில் மாடி வீடு கட்டினேன். மகனுக்கு டிராவல்ஸ் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகியதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது இவ்வளவும்.

போன வாரம் இந்தத் தொடரில் வந்த பேர்ப்பலகைச் சண்டையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘இதெல்லாம் நீங்கள் ஒருத்தரே செய்ததா?’ என்று கேட்டிருந்தார். ஆமாம். நான் ஒருத்தன்தான்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு ரேடியோ ஸ்டேஷன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன். காத்திருக்க எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

புல்லாங்குழல் வந்த மதியம்

சமீபத்தில்தான் நடந்தது. வெயில் இன்னும் ஏறாத மாதம். மெஸ்ஸிலிருந்து வந்த கேரியரில் பாதி சாப்பிட்டு மீதியை மூடி வைத்திருந்தேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகு வீட்டில் குழாய் சொட்டினால்கூட எங்கே சொட்டுகிறது என்று தெரிகிற அமைதி. வழக்கம்போல ரேடியோவைப் போட்டேன்.

என் மனைவி கஸ்தூரி வைத்திருந்த ரேடியோ அது. முள்ளைத் திருப்புகிற குமிழ் வழுக்குகிறது என்று அதில் நூலைச் சுற்றி வைத்திருப்பாள். தையல் மிஷினுக்குப் போடுகிற பச்சை நூல். அவள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. நூல் இன்னும் அவிழவில்லை.

பிரைவேட் எஃப்.எம். எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அந்தப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் கூப்பிடுகிற ‘மச்சி’ நான் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் எப்போதும் ‘உஸ்’ என்று இரைகிற இடம் ஒன்று உண்டு. அன்றைக்கு அங்கே புல்லாங்குழல் வாசித்தது.

ஒரு பேச்சு இல்லை. விளம்பரம் இல்லை. புல்லாங்குழல் முடிந்ததும் வீணை. வீணை முடிந்ததும் நாதஸ்வரம். பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமே இல்லை. மறுபடி அதே புல்லாங்குழல்.

யாராவது பேசுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு ‘வணக்கம்’ வராதா? வரவில்லை. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிப் போகிறவரைக்கும் அந்த மூன்றும்தான் சுற்றிச் சுற்றி வந்தன. அப்புறம் ‘டக்’ என்று நின்றுவிட்டது. மீண்டும் இரைச்சல்.

அடுத்த நாள் மதியமும் அதே நேரத்துக்கு வந்தது. நான் ரேடியோ முன்னால் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் சட்டை போட்டேன் என்று கேட்காதீர்கள்.

டிவியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அரசாங்கமே ஒரு எஃப்.எம். தொடங்கப் போகிறது, முழுக்கப் பாட்டு மட்டும்தான், இன்னும் சில மாதத்தில் வரும் என்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது அதுதான். குழந்தை இன்னும் வெளியே வரவில்லை, உள்ளேயிருந்து உதைத்துப் பார்க்கிறது. அந்த உதையை ஊரிலேயே முதலில் உணர்ந்தவன் நான்.

கஸ்தூரியின் கார்டு

ரேடியோ எனக்குப் புதிது இல்லை. என் அப்பாவிடம் பிளாஸ்டிக் கவரில் கட்டிய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று அறிவிப்பு வருமே, அதைக் கேட்க மட்டும். அறிவிப்பு முடிந்து பாட்டு ஆரம்பித்தால் பட்டென்று அணைத்துவிடுவார். பேட்டரி வீணாகுமாம். ஒரு பாட்டின் முதல் வரிக்கு மேல் எங்கள் குடிசையில் யாரும் கேட்டதில்லை.

கஸ்தூரி வந்த பிறகுதான் பாட்டை முழுசாகக் கேட்டேன். அவளுக்கு நேயர் விருப்பம் என்றால் உயிர். தபால் கார்டு வாங்கி வைத்துக்கொள்வாள். பாட்டின் பேரை எழுதி, அதை விரும்பிக் கேட்கிறவர்கள் என்று கீழே வரிசையாகப் பேர் எழுதுவாள். அவள், அவள் அக்கா, அக்கா பிள்ளைகள், எதிர்வீட்டு மல்லிகா, பால்காரம்மா. எல்லாருக்கும் கடைசியில் நான்.

ரேடியோவில் அத்தனை பேரையும் படிப்பார்களா? பால்காரம்மா வரைக்கும் படிப்பார்கள். அதற்குள் நேரமாகிவிடும். ‘மற்றும் பலர்’ என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பலர் நான்தான்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாடி நெனச்சிக்கினு கீறே? பால்காரம்மா பேரு ஊரெல்லாம் கேக்குது. கட்டின புருசன் பேரு ரேடியோப் பொட்டியாண்ட வந்து திரும்பிப் பூடுது. மொதல்ல எழுதுனா இன்னா?”

“வெக்கமா கீதுய்யா” என்றாள்.

“எழுதறதுக்கு இன்னாடி வெக்கம்?”

“உம் பேரை வாயால சொன்னதே இல்ல. அதைப் போயி எல்லாருக்கும் முன்னால எப்படி எழுதறது?”

உண்மைதான். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால்கூட எதிர்வீட்டு மல்லிகாவைச் சொல்லச் சொல்வாள். அப்படிப்பட்டவள் கார்டின் ஓரத்தில், வளைத்து வளைத்து, இடம் இல்லாத இடத்தில் என் பேரை எழுதினாள் என்றால் அதுவே பெரிய காரியம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. நான் வரிசையைத்தான் பார்த்தேன்.

நான் கத்தியதில் அவள் ஒரு கார்டு எழுதினாள். முதல் பேர் எத்திராஜ். இரண்டாவது கஸ்தூரி. வேறு யாரும் இல்லை. அந்தக் கார்டை ரேடியோவில் எடுக்கவே இல்லை. வாரா வாரம் கேட்டோம். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “உன்னை முன்னால போட்டேன், கார்டே போய்ச் சேரல பாரு.”

சரி, எங்கேயோ போய்விட்டேன். புல்லாங்குழலுக்கு வருகிறேன்.

டீக்கடையில் ஒரு கேள்வி

நேராக அந்த ரேடியோ ஆபீசுக்கே போனேன். வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. “யாரைப் பாக்கணும்?” என்றான். யாரை என்று எனக்கு எப்படித் தெரியும்? “புல்லாங்குழல் போடறவரை” என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

எதிரே டீக்கடை. எந்த ஆபீசாக இருந்தாலும் உள்ளே இருக்கிறவன் டீ குடிக்க வெளியே வந்துதான் ஆக வேண்டும். இது ஸ்டேண்டில் நான் கற்றது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் சின்னக் கோடு, சட்டைப் பையில் டெஸ்டர். அவரிடம் போய் நின்றேன்.

“சார், உங்க புல்லாங்குழல் எங்க வூட்ல கேக்குது சார்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “எங்கே கேட்டேள்?” என்றார். உடனே திருத்திக்கொண்டு, “எந்த ஏரியால கேட்டீங்க?” என்றார்.

“ஆர்.ஏ.புரம் சார்.”

“வீட்டுக்குள்ளயா, மாடியிலயா? இரைச்சல் இருக்கா? தெளிவா இருக்கா?”

நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாசகர்களே, ஒரு விஷயம் சொல்கிறேன். என்னை ஒருவர் இப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பதிலை முழுசாகக் காதில் வாங்கி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. டாக்டர்கூடப் பாதியில் மருந்து எழுத ஆரம்பித்துவிடுகிறார்.

அவர் பேர் பாலாஜி. மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். ரேடியோ ஸ்டேஷனில் இன்ஜினியர். சோதனைக்காகப் போடுகிற சங்கீதம் எந்தெந்தத் தெருவில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கிறோம், அதற்கென்று வண்டியும் மிஷினும் இருக்கிறது, ஆனாலும் ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து கேட்டுச் சொல்வது வேறு மாதிரி என்றார். எங்கள் பத்திரிகையைப் பற்றியும் பேச்சு வந்தது. “நீங்கதான் அந்த ஆட்டோக்காரர் தொடர் எழுதறவரா? அம்மா விடாம படிப்பா” என்றார்.

போகும்போது தன் நம்பரைக் கொடுத்தார். “வேற எங்கயாவது கேட்டா சொல்லுங்க பெரியவரே.”

பெரியவரே என்றது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றது பிடித்தது. அன்றைக்கே நான் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

தெருத் தெருவாக

குமார் என்னிடம் ஓட்டிய பையன். பையன் என்றால் இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். சொந்த ஆட்டோ வைத்திருக்கிறான். அவன் வண்டியில் ஏறி, கஸ்தூரியின் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

“இன்னா நைனா, சவாரியா, ஊர்கோலமா?”

“கவுர்மெண்டு வேலைடா. மூடிக்கினு ஓட்டு.”

லஸ் கார்னர், தெளிவு. மாட வீதியில் தெளிவு, ஆனால் பாத்திரக் கடைப் பக்கம் கொஞ்சம் கரகரப்பு. அடையாறு பாலத்தின் மேலே ஏறினால் புல்லாங்குழல் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல வரும். இறங்கினால் பக்கத்து ஸ்டேஷன்காரன் குறுக்கே பேசுவான். தி.நகரில் பாலத்துக்கு அடியில் சுத்தமாக இல்லை. நடுவே நொச்சிக்குப்பம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். மீன் விற்கிற என் சித்தி மகள் வஞ்சிரத்தை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

“யாராவது செத்துட்டாங்களாண்ணே? ரேடியோல சும்மா ஊதிக்கினே கீறான்?”

“புது டேசன்டி. இன்னும் தொறக்கல.”

“தொறக்காதத இன்னாத்துக்குக் கேட்டுக்கினு திரியறே? வூட்ல வேலை இல்லியா உனக்கு?”

வீட்டில் என்ன வேலை இருக்கிறது? அதை அவளிடம் சொல்லவில்லை. மீன் நாற்றத்துக்கு நடுவே நாதஸ்வரம் நன்றாகத்தான் கேட்டது.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பாலாஜி சாருக்குப் போன் போடுவேன். எந்த இடத்தில் எப்படி என்று சொல்வேன். அவர் “சரி”, “அப்படியா”, “அந்தப் பாலத்துக்குக் கீழ எப்பவுமே அப்படித்தான்” என்பார். சில நாள் அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். யாரோ “டிபன் ஆறிப் போறது” என்று கூப்பிடுவார்கள். அவர், “தோ வந்துண்டே இருக்கேன்” என்பார். நான் இன்னும் இரண்டு தெரு பாக்கி வைத்திருப்பேன். அதையும் சொல்லி முடிப்பேன்.

அந்தப் போனுக்காகவே பகல் முழுக்கச் சுற்றினேன் என்று குமார் சொல்கிறான். அவன் சொல்வதை எல்லாம் எழுத முடியுமா?

நங்கநல்லூர்: மாடியில் மட்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் போனேன். மகன் சங்கர் அங்கேதான் இருக்கிறான். ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடக்கிற தூரம். “இங்கயே வந்துடுப்பா” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டான். நான் கட்டிய வீட்டை நானே பூட்டிவிட்டு வருவேனா?

“மாமா வந்துட்டாரு” என்று மருமகள் சந்தோஷமாகத்தான் கதவைத் திறந்தாள். பேரப் பிள்ளைகள் இரண்டும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டின. எனக்கு ஆட்டினவா பாட்டுக்கு ஆட்டினவா தெரியவில்லை. மதியம் நேரம் பார்த்து ரேடியோவைப் போட்டேன். ஹாலில் கேட்கவில்லை. சமையலறை, படுக்கையறை, எங்கேயும் இல்லை.

“அப்பா, இன்னா தேடிக்கினு கீறே?” என்றான் சங்கர், போனைப் பார்த்துக்கொண்டே. அவனுக்கு அன்றைக்கு ஏர்போர்ட் டிரிப் நிறைய.

“ஒண்ணியும் இல்ல. நீ பாரு.”

மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் லேசாக வந்தது. ரேடியோவைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் கொஞ்சம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே பிளேன் இறங்கும்போதெல்லாம் வீணை கேட்காது. போன பிறகு விட்ட இடத்தில் இருக்காது, தாண்டிப் போயிருக்கும். கீழே எல்லாரும் சிரிக்கிற சத்தம் படிக்கட்டு வழியாக வந்தது. யாரும் என்னைத் தேடவில்லை என்று சொல்ல மாட்டேன். மருமகள் காபி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். “இங்க ஏன் மாமா தனியா? வெயில்ல” என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு பாலாஜி சாரிடம் சொன்னேன்: “நங்கநல்லூர் சார். மாடியில கேக்குது. வூட்டுக்குள்ள கேக்கல.”

“பரவாயில்லை பெரியவரே, அவ்ளோ தூரம் போகும்னு நானே எதிர்பார்க்கலை” என்றார்.

நானும்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டேண்டு பலகை

இப்போது முக்கியமான கட்டம். இதைப் பற்றி வேறு மாதிரி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் ஆள் நின்றால் அந்தக் கடைக்கு மதிப்பா இல்லையா? நான் ஸ்டேண்டு திறந்த அன்றைக்கு முதல் சவாரிக்கு என் மச்சானையே ஆபீசர் மாதிரி உடுத்திக் கூட்டி வந்து ஏற்றியவன். கூட்டம் தானாகச் சேராது, சேர்க்க வேண்டும். பாலாஜி சாருக்கு வண்டி இருக்கிறது, மிஷின் இருக்கிறது. கேட்கிறதுக்கு ஆள்? நான் ஒருத்தன்.

ஸ்டேண்டில் போய்ச் சொன்னேன். எல்லா வண்டி ரேடியோவிலும் அந்த ஸ்டேஷன் வருகிற நம்பரை வைக்கச் சொன்னேன். மதியம் வரிசையாக நிற்கிற ஆட்டோ எல்லாவற்றிலும் ஒரே புல்லாங்குழல். பார்க்கவே அழகாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

“இன்னா நைனா, பாட்டே இல்ல? பீப்பீ ஊதிக்கினே கீறான். சவாரி தூங்கிடுறான்.”

“எப்ப நைனா பாட்டு போடுவான்?”

“கேட்டா போடுவான்டா” என்றேன்.

“யாராண்ட கேக்கறது?”

ஸ்டேண்டில் கறுப்புப் பலகை ஒன்று உண்டு. யார் வீட்டில் விசேஷம், யார் வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கிறது என்று எழுதுவோம். நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவன் நான். ரேடியோ ஸ்டேஷன் என்றால் நேயர் கேட்க வேண்டும், அவர்கள் போட வேண்டும். அப்போது கார்டு, இப்போது போன். சாக்பீஸை எடுத்து என் கையால் எழுதினேன்: ‘கவுர்மெண்டு புது எஃப்.எம். பாட்டு வேண்டுமா? கேட்கவும்.’ கீழே பாலாஜி சார் நம்பர்.

எழுத்துப் பிழை இருந்திருக்கலாம். நம்பரில் பிழை இல்லை.

பசங்கள் கேட்டார்கள். மந்தைவெளி கேட்டது. அங்கிருந்து பஸ் டிப்போ பக்கம் பரவி, அடையாறு ஸ்டேண்டும் கேட்டது. ஒருத்தன் கானா கேட்டான். ஒருத்தன் கல்யாண நாள் என்று பெண்டாட்டி பேரைச் சொல்லச் சொன்னான். ஒரு புதிய ஸ்டேஷனுக்கு இவ்வளவு வரவேற்பை யார் செய்து கொடுப்பார்கள்?

அன்று சாயந்தரம் நான் போடுவதற்கு முன்னால் அவரே போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக எடுத்தேன்.

“பெரியவரே, பலகைல என் நம்பர் எழுதினது நீங்களா?”

“ஆமா சார். பப்ளிசிட்டி சார்.”

பின்னால் அன்றைக்குக் குக்கர் விசில் கேட்கவில்லை.

“நான் குளிச்சிண்டிருந்தேன். ஆத்துல அம்மா போனை எடுத்திருக்கா. எவனோ ‘ஆயா, ஒரு குத்துப்பாட்டு போடு’ன்னிருக்கான். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து ஒரு வேலை பாக்க முடியலை. மேலிடத்துல இருந்து கூப்பிட்டாக்கூட லைன் கிடைக்கலை.”

“பசங்களுக்கு ஆர்வம் சார். டேசனுக்கு நல்லதுதானே சார்?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்துகிறவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். “போர்டை அழிச்சுடுங்க. இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். ஏதாவது வேணும்னா நானே கூப்பிடறேன்” என்றார்.

அன்றைக்கே குமாரை விட்டு அழிக்கச் சொன்னேன். “தண்ணி ஊத்தித் தொடைச்சிட்டேன் நைனா” என்றான். சரி, இன்னும் இரண்டு நாளில் கூப்பிடுவார் என்றேன்.

“கூப்பிடமாட்டாரு நைனா.”

“உனக்கு இன்னாடா தெரியும் ஆபீசர்ங்களப் பத்தி?”

இரைச்சல்

அவர் கூப்பிடவில்லை. நான் ஒரு தடவை போட்டேன். ரிங் போனது. இன்னொரு தடவை போட்டேன். நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவ்வளவு நாள் நான் எதிர்பார்த்த அறிவிப்பாளர் குரல் மாதிரியே, நல்ல உச்சரிப்போடு சொன்னது.

கொஞ்ச நாளில் மதியப் புல்லாங்குழலும் நின்றுவிட்டது. சோதனை முடிந்திருக்கும். எனக்காக நிறுத்தினார்கள் என்று நினைக்கிற அளவுக்கு நான் கூமுட்டை இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்காருகிறேன். ‘உஸ்’ என்று இரைகிறது. கவனித்துக் கேட்டால் இரைச்சலுக்குள்ளும் ஏதோ இருப்பது மாதிரி இருக்கும். இருக்காது.

இந்தத் தொடரை நான் பேனா பிடித்து எழுதுவதில்லை. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, பத்திரிகைக்காரர்கள் சரிசெய்து போடுகிறார்கள். நான் எவ்வளவு பேசினாலும் அது ‘அப்படியா’ என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்பதில்லை. அதுதான் அதில் குறை.

போன வாரம் பேப்பரில் செய்தி வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாட்டு எஃப்.எம். தயாராகிவிட்டது, கூடிய சீக்கிரம் திறப்பு விழா. படத்தில் ஆபீசர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் பாலாஜி சார். கொஞ்சம் இளைத்துவிட்டார். யார் யார் உழைத்தார்கள் என்று பேர் போட்டிருந்தார்கள். பெரிய பேர்கள், அதற்கு அடுத்த பேர்கள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

‘மற்றும் பலர் ஒத்துழைப்பு நல்கினர்.’

கேட்டு வாங்குகிறேன்

பாலாஜி சார், இதை நீங்கள் படிக்காவிட்டாலும் உங்கள் அம்மா படிப்பார்கள். அம்மா, அன்றைக்குப் பாட்டு கேட்டவன் எங்கள் ஸ்டேண்டு பையன். ஆயா என்று அவன் கூப்பிட்டது மரியாதையாகத்தான். இதை உங்கள் பிள்ளையிடம் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்.

திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். சால்வை வேண்டாம். புது நம்பரும் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கு ஒரு பேச்சு வருவதற்கு முன்னால், ஒரு பேர் வருவதற்கு முன்னால், அதைக் கேட்டவன் நான். லஸ்ஸில் கேட்டவன் நான். பாலத்துக்கு அடியில் கேட்கவில்லை என்று சொன்னவன் நான். நங்கநல்லூர் மொட்டை மாடியில் வெயிலில் தூக்கிப் பிடித்துக் கேட்டவன் நான். ஓசியில் எதுவும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. உழைத்ததற்குக் கேட்கிறேன்.

முதல் நாள், முதல் பாட்டுக்கு முன்னால், மைக்கில் பேசுகிறவர் இதைச் சொல்ல வேண்டும்: ‘இந்த நிலையத்தை முதன்முதலில் கேட்டவர், ராஜா அண்ணாமலைபுரம் எத்திராஜ்.’ அடுத்த பேர் கஸ்தூரி. அவள் எங்கே கேட்டாள் என்று யாராவது கேட்டால், முள்ளைப் பிடித்து நிறுத்தியது அவள் சுற்றிய நூல் என்று சொல்லுங்கள். அவள் கையால் எழுதிய வரிசை இது. ஒரு கார்டில் அனுப்பினாள், வந்து சேரவில்லை. இப்போது நான் அனுப்புகிறேன்.

இந்த இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றும் பலர் வேண்டாம்.

மதியத்தில் நான் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறேன். முள்ளை நகர்த்தவில்லை.